இறங்காமல் ஓட்டிய வீரராம்!

போன மாதம் காஞ்சிரங்குளத்தில் பழைய பைக் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் வண்டியும் உண்டு என்று கேள்விப்பட்டு, முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

வண்டியை வாங்கியவன் என் நண்பன், குன்னத்துகாலில் நிலபுலன் உள்ள வீட்டுக்காரன். செத்து ஒரு வருஷமாகிறது. கம்பெனியே நெடுநேரப் பந்தயத்துக்கென்று கட்டிய வண்டி அது. பெரிய டேங்க், ஒரே தட்டில் திறக்கும் பெட்ரோல் மூடி. வாலிபத்தில் நாங்கள் இருவரும் அதில் ஆறு மணி நேரப் பந்தயம் ஓடினோம். ஒருவரே தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வெளியேற்றிவிடுவார்கள். அதனால் மணிக்கொரு தடவை ஆள் மாறினோம். கடைசி மணி என்னுடையது. கிளட்ச் கேபிள் அறுந்தும் ஓட்டி முடித்தேன். மூன்றாவதாக வந்தோம்.

வண்டிக்கு முன்னால் ஒரு பலகை. 'ஆறு மணி நேரமும் இறங்காமல் ஓட்டிய வீரர்' என்று அவன் படம். வீரராம்! என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவன் மகன் பக்கத்தில் நின்றான். ஐம்பது வயதுக்காரன். "வாங்க மாமா" என்று சிரித்தான்.

"எலே, இத யாரு எழுதுனது?"

"நானாக்கும். என்ன மாமா?"

"இறங்காம ஓட்டினா அன்னைக்கே வெளிய தள்ளியிருப்பானுவ. பாதி நேரம் ஓட்டினது நானாக்கும்!"

அவன் சிரிப்பு நின்றது. "நீங்க மெக்கானிக்கா கூடப் போனதாட்டுதான் அப்பா சொன்னாரு. சாகுறது வரைக்கும் அப்படித்தான் சொன்னாரு."

மெக்கானிக்! எனக்கு பிளக் கழற்றக்கூடத் தெரியாது. கிறிஸ்துமஸ் தவறாமல் என் வீட்டுக்குச் சாப்பிட வந்து, நான் கிளட்ச் இல்லாமல் ஓட்டியதைக் கையை ஆட்டி ஆட்டி என் பிள்ளைகளுக்குச் சொன்னவனே அவன்தான். தன் வீட்டில் இப்படியா சொல்லி வைத்திருக்கிறான்!

"அப்போ அப்பா சொன்னது கள்ளமா மாமா?"

"ஆமாலே" என்றேன். வேறென்ன சொல்ல? அவன் பலகையை எடுத்து, எழுத்து தெரியாதபடி திருப்பி வைத்தான்.

திரும்பி வரும்போதும் கோபம் ஆறவில்லை. உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். நான் ஓட்டியதைக் கண்ணால் பார்த்தவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான். பாவி, அவனும் போய்விட்டான்.