திருப்பிச் சொல்லப் போனவள்

அன்று விடாத மழை. எதிர்க்கடையின் மூடிய ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆள் காலையிலிருந்தே நின்றான். வேலைக்குப் புறப்பட்ட என் தங்கை, செருப்பை மாட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள். திரும்பி உள்ளே வந்து எங்கள் வீட்டுக் கறுப்புக் குடையை எடுத்தாள். சாலையைத் தாண்டிப் போய் அவன் கையில் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அவனும் குடையை விரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். அவளைக் கண்காணிக்க உளவுத்துறை போட்ட ஆள் அவன் என்பதை மாலையில்தான் சொன்னாள்.

"தெரிஞ்சேவாடி குடுத்தே?" என்றேன்.

"வேவு பார்க்கிறவனுக்குச் சளி பிடிக்காதாக்கா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்குக் குடைக்காரன் என்று பெயர்.

தங்கை ஒரு நாளிதழில் நிருபர். ஆரம்பத்தில் விபத்து, திருட்டு, வழக்கு என்று எழுதிக்கொண்டிருந்தாள். சந்தையில் குண்டு வெடித்த நாள் அவளை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அன்று வீடு வந்தபோது உடுப்பின் விளிம்பெல்லாம் ரத்தம். ஒரு கிழவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டே செத்துப்போனார் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தேன். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அது எனக்குப் பழகிப்போன வேலையாயிற்று. ராணுவ முகாம், எல்லைச் சண்டை, ஆயுதம் வாங்கியதில் ஊழல், விசாரணைக்குப் போய்த் திரும்பாதவர்கள்: நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லிச் சாத்திய கதவையெல்லாம் போய்த் தட்டினாள். பிணவறைக் காவலாளி அவளைக் கண்டால் கேட்காமலே மூக்கில் கட்டத் துணி எடுத்துக் கொடுப்பாராம். எங்கள் ஜன்னலுக்குக் கல் வந்தது. ஒருநாள் வாசலில் தலை நசுங்கிய பூனை கிடந்தது. "அது என்ன எழுதிச்சு, பாவம்," என்றாள். நான் பூனையைப் புதைத்துவிட்டு வந்து, அவளைக் கடவுள் கையில் ஒப்படைத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், அச்சுக்குப் போகும் முன் அவரிடமே நேரில் போய், எழுதியதைப் படித்துக் காட்டுவாள். வேண்டாம் என்ற வரியை அடித்துவிடுவாள். தொலைபேசியை நம்பமாட்டாள். "நீ செய்தி எழுதுறியா, இரவல் வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கப் போறியா?" என்று ஆசிரியர் கிண்டல் பண்ணுவார். தன் உயிரை நம்பிக் கொடுத்தவருக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்பது அவள் கட்சி.

கல்குவாரியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தீவிரவாதிகள் செத்தார்கள் என்று ராணுவம் அறிவித்தது. தங்கை பிணவறையில் பார்த்தாள். எல்லா மணிக்கட்டிலும் கம்பி அறுத்த தடம். கையைக் கட்டிக்கொண்டு யார் சண்டை போடுவார்கள்? தேடி அலைந்து, அவர்களைக் குவாரிக்கு ஏற்றிப்போன ராணுவ லாரி ஓட்டுநரைக் கண்டுபிடித்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பெயர் வெளியே வராது என்று இவள் வாக்குக் கொடுத்தாள்.

எழுதி முடித்ததும் வழக்கம்போலப் படித்துக் காட்டப் போனாள். ஓட்டுநர் லாரியை டயர் பட்டறையில் விட்டிருந்தார். சக்கரத்தின் மறைவில் உட்கார்ந்து மெல்லப் படித்தாள். அவர் கேட்டுவிட்டு, ஒன்று விட்டுப்போச்சு என்றார்.

"கை கட்டியிருந்ததால ஒருத்தனால ஏற முடியலை, மேடம். நான்தான் தூக்கி ஏத்தினேன். அதையும் போடுங்க."

அதைப் போட்டால் ஓட்டுநர்தான் சொன்னார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும் என்று இவள் மறுத்தாள். தூங்க முடியவில்லை, போடுங்கள் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

குடைக்காரன் பட்டறை வாசல்வரை வந்திருந்தான். உள்ளே நிறைய ஆட்கள். யாரிடம் பேசினாள் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவளை அலுவலகப் படியிலேயே மடக்கித் தூக்கிப்போனார்கள். கொண்டுபோன அறையில் ஒரு இரும்பு மேசை இருந்ததாம். வலக்கையின் விரல்களை இழுப்பறைக்குள் வைத்து, உதைத்து மூடினார்கள். "எவன்னு சொல்லு," என்று கேட்டார்கள். திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். வாய் திறக்கவில்லை. தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் குடைக்காரன். எங்கள் குடை ஜன்னல் கம்பியில் தொங்கியதாம். "நல்லாத்தான் வச்சிருக்கான்க்கா, ஒரு கம்பிகூட வளையலை," என்று நான் சோறு ஊட்டும்போது சொன்னாள்.

விரல் பலிக்கவில்லை என்றதும் அன்று பட்டறையில் இருந்த எல்லாரையும் கொண்டுவந்து அவள் கண்ணெதிரே வரிசையாக நிறுத்தினார்கள். நீ சொல்லும்வரை இவர்கள் அடி வாங்கட்டும் என்றார்கள். டயர் கழற்றும் கம்பியாலேயே அடித்தார்கள். பஞ்சர் ஒட்டுகிறவருக்கு ஒரு கண் போயிற்று. அப்போதும் தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள். இரண்டாமவர்மேல் கம்பி ஓங்கியபோது ஓட்டுநர் தானாகவே முன்னால் வந்தார். "நான்தான். அவங்களை விடுங்க."

தங்கையைத் தெருமுனையில் ஜீப்பிலிருந்து தள்ளிவிட்டுப் போனார்கள். தப்பியோடிய ராணுவ ஓட்டுநர் சுடப்பட்டார் என்று மற்றப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. முதுகில் அல்ல, நெற்றியில் சுட்டிருந்தார்கள்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையின் ஒற்றை விரலால் அந்தச் செய்தி முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தாள். உடனே போட்டுவிடலாம், படித்துக் காட்டத்தான் ஆளே இல்லையே என்றார் ஆசிரியர். ஓட்டுநருக்கு மனைவி இருக்கிறாள் என்றாள் இவள்.

போனாள். அந்தப் பெண்ணிடம் படித்தும் காட்டினாள். திரும்பும்போது, எண் எழுதாத ஜீப் ஒன்று அவளை மோதித் தள்ளியது. பின்னால் வந்து, கிடந்தவள்மேல் மறுபடி ஏறியது. வாசலில் நின்று வழியனுப்பிய ஓட்டுநர் மனைவி இரண்டையும் பார்த்தாள். படித்துக் காட்டிய தாளை அவள்தான் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, போடுங்கள் என்றாள். அடக்கம் செய்த அன்று செய்தி வந்தது. தூக்கி ஏற்றிய வரியும் இருந்தது. தங்கையின் உடுப்பை நான் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். அந்தத் தண்ணீர் தெளியவே இல்லை.

அவள் கடைசியாகப் புறப்பட்ட அன்று காலையிலேயே தூறல். எதிர்க்கடை ஷட்டரோரம் புதிதாக ஒருவன் நின்றான். போகவேண்டாம் என்று அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொண்டாள். குடையாவது யாரிடமாவது வாங்கித் தருகிறேன் என்றேன்.

"நம்ம குடைதான் அரசாங்க வேலையில இருக்கேக்கா," என்று சிரித்தாள். பிறகு படியிறங்கி நின்று சொன்னாள்:

"அவர் கேட்ட வரியைச் சேர்த்துட்டேன். அதை அவர் வீட்டுல ஒரு ஆள்கிட்டயாவது சொல்ல வேணாமா?"