ஆரியங்காவுக் கள்ளும் சாகுலின் பின்சீட்டும்

இந்தச் சாரல் சீசனில், ஒரு சனிக்கிழமை போய்வந்த பயணம் இது. அன்றைக்கே எழுத உட்கார்ந்திருந்தால் வாயில் வரக்கூடாததெல்லாம் வந்திருக்கும் என்று மூன்று வாரம் ஆறப்போட்டேன். ஆறவில்லை. வழி, தூரம், செலவு எல்லாம் சரியாகத்தான் சொல்லப் போகிறேன். நடுநடுவே திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரிலிருந்து செல்வி அக்காவும் அத்தானும் தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்திருந்தார்கள். வந்த முதல் நாளே அத்தான் ஒயின் டூர் கதையை எடுத்துவிட்டார். நந்தி மலைப் பக்கம் ஏதோ திராட்சைத் தோட்டமாம். கோப்பையை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படிச் சுழற்ற வேண்டும், எப்படி மோந்து பார்க்க வேண்டும் என்று நான் வைத்த ரசத்தை டம்ளரோடு சுழற்றிக் காட்டினார். மேஜை விரிப்பெல்லாம் ரசம். அத்தோடு நிறுத்தினாரா? உங்க ஊரில் அருவியில் நனைவதை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி வேறு. உங்க ஊராம்! மனுஷன் பிறந்து வளர்ந்தது சங்கரன்கோவில்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் கேரளம். அங்கே கள் சட்டப்படி விற்கிற பானம். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடத் தனி அறை வைத்த கள்ளுக்கடைகள் மலையடிவாரத்தில் இருக்கின்றன. நானும் சக ஆசிரியைகளும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய், ஆளுக்கு அரை டம்ளர் கள்ளும் வயிறு முட்ட மீன்குழம்புமாக வந்துகொண்டுதான் இருக்கிறோம். இந்தப் பக்கமும் தென்னையும் பனையும் அதே மண்ணில்தான் நிற்கின்றன. இங்கே கள் இறக்கினால் கேஸ், பிராந்திக்கு மட்டும் அரசாங்கமே கடை விரிக்கும். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. சரி, அது கிடக்கட்டும். அத்தானுக்கு நம்மூர் ஒயின் டூரைக் காட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார், மகராசன்.

வண்டிக்குச் சாகுலைக் கூப்பிட்டேன். அச்சன்புதூர்க்காரர். ஒன்பது வருஷம் சவுதியில் வண்டி ஓட்டிச் சேர்த்ததில் சொந்தமாக ஒரு டாக்ஸி வாங்கி, இப்போது ஊரோடு இருக்கிறார். எங்கள் பள்ளிக்கூட டூர் எல்லாம் அவர்தான். நாள் வாடகை டீசலோடு மூவாயிரத்து ஐந்நூறு, கேரளா பெர்மிட் தனி. கள்ளுக்கடைக்கு என்றதும் போனிலேயே சொன்னார்:

"போறது உங்க இஷ்டம் டீச்சர், நான் வெளிய டீக்கடைல இருந்துக்கிடுதேன். திரும்பி வரையில வண்டிக்குள்ள ஒரு சொட்டு வரப்பிடாது. நாளைக்கு விடியக்காலம் எங்க தெருல ரெண்டு பெரியவங்கள உம்ராவுக்கு திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல கொண்டு விடணும்."

மக்காவுக்குப் போகிறவர்கள் ஏறப்போகிற வண்டி. நான் வாக்குக் கொடுத்தேன். அக்காவிடமும் அத்தானிடமும் அதை அப்படியே சொன்னேன். அத்தான் தலையாட்டினார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆட்டினார்.

காலை ஆறு மணிக்கெல்லாம் பழைய குற்றாலம். சீசனில் குளிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஏழு மணிக்கு மேல் போகாதீர்கள். அதற்குமேல் வருகிற வேன்களில் பாதி ஆட்கள் போதையில் தள்ளாடித்தான் இறங்குகிறார்கள். படிக்கட்டு ஓரமெல்லாம் கண்ணாடிச் சில்லு. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறவனுக்கு என்ன பேர் வைப்பது? அன்றைக்கு நாங்கள் போன நேரத்தில் கூட்டமில்லை. தண்ணீர் தோளில் நங்கென்று விழுந்தது. அத்தான்கூட அரைமணி நேரம் பேசாமல் நின்றார், அதுவே பெரிய அதிசயம். குளித்துவிட்டு ஈரத்துண்டுகளை அவருடைய துணிப்பையில் திணித்துக்கொண்டார்.

செங்கோட்டையில் இட்லியும் ரசவடையும். சுடச்சுடக் கிடைக்கும், தவறவிடாதீர்கள். அங்கிருந்து புளியரை செக்போஸ்ட் ஏழு கிலோமீட்டர். அதைத் தாண்டினால் ரோடு வளைந்து வளைந்து ஏறும். கேரளக் குப்பையை ஏற்றிக்கொண்டு நம் பக்கம் கொட்ட வருகிற லாரிகளைப் பிடிக்க, திரும்பி வரும் வழியில் சோதனை பலமாக இருக்கும். போகும் வழியில் கேள்வி இல்லை. ஆரியங்காவு வந்ததும் காற்றே மாறிவிடும். ரோட்டோரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருப்பார்கள். வாங்குவதானால் திரும்பும்போது வாங்குங்கள்.

ஆரியங்காவைத் தாண்டி, கழுதுருட்டி போகிற வழியில் ஒரு கடை. பேர் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த சனிக்கிழமை எனக்கே இடம் கிடைக்காது. தென்னங்கள் ஒரு பாட்டில் நூற்றைம்பதுக்குள். கப்பக்கிழங்கும் மீன்கறியும் இருநூறு. வாத்து வறுவல் அதற்குமேல். பதினோரு மணிவாக்கில் போனால் அன்று காலை இறக்கிய கள் கிடைக்கும். இனிப்பும் லேசான புளிப்புமாக இருக்கும், இளநீருக்குக் கோபம் வந்த மாதிரி. நேரம் போகப் போகப் பொங்கும், புளிக்கும், கடுக்கும். இறக்கிய இடத்தில், இறக்கிய பொழுதில் குடித்துவிட்டு எழுந்துவர வேண்டியது, அவ்வளவுதான். நான் அரை டம்ளர், அக்கா ஒரு வாய். அத்தான் டம்ளரைச் சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடினார், பக்கத்து மேஜை ஆட்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். இதைக் கொஞ்சம் வைத்திருந்து குடித்தால் இன்னும் ஏறும் என்றார். ஒயின் இல்லை அத்தான், இது வைத்தால் கெடுகிற சமாசாரம் என்று நானும் சொன்னேன். பில் கட்ட அவர் மட்டும் தனியாக உள்ளே போனார். தங்கமான மனுஷன், பில் கட்டுகிறார் என்று நினைத்தேன். மடச்சி.

அங்கிருந்து பதின்மூன்று கண் பாலம், அப்புறம் தென்மலை அணை. பாலத்தில் ரயில் வருகிற நேரம் கேட்டுக்கொண்டு போனால் நல்ல படம் கிடைக்கும். தென்மலையில் சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியை வெயிலில் பூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் சுற்றினோம். அதுவரை அது நல்ல பயணம். இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

நாலரை மணிக்குத் திரும்பவும் புளியரை. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு லாரி, பின்னால் புனலூரிலிருந்து வந்த பஸ். அத்தான் முன்சீட்டில். பின்சீட்டில் எனக்கும் அக்காவுக்கும் நடுவே அவருடைய துணிப்பை. டப்பென்று ஒரு சத்தம். டயர் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவின் சேலை, என் மடி, சீட்டு, வண்டியின் கூரை எல்லாம் நுரை. புளித்த நாற்றம் மூக்கைப் பிய்த்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கள்ளை முட்ட முட்ட ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, ஈரத்துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். திராட்சை ஒயின் படித்த மேதை! அடைத்து வைத்த கள் வெயிலில் என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்துச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

சாகுல் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணாடியை இறக்கியதும் நாற்றம் செக்போஸ்ட் வரைக்கும் போய்விட்டது. எஸ்.ஐ. வந்தார். எல்லாரையும் இறங்கச் சொன்னார். பையைத் திறந்து பார்த்துவிட்டு, இது யார் வைத்தது என்று கேட்டார். கள் கடத்தினால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், ஏலத்தில்கூடப் போகும். இது சாகுலுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"டிரைவர்ட்ட கேளுங்க சார். வண்டி அவருது."

பச்சைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாதபடி ஒரு பொய். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எஸ்.ஐ. சாகுலை அழைத்து மெஷினில் ஊதச் சொன்னார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் நடுரோட்டில் நின்று ஊதினார். பின்னால் நின்ற பஸ்ஸில் அத்தனை ஜன்னலிலும் தலை. அதில் அச்சன்புதூர்க்காரர் இரண்டு பேர் இருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நான் எஸ்.ஐ. முன்னால் போய் நின்று சொன்னேன்:

"சார், அது எங்க அத்தான் வச்சது. டிரைவர் முன்னாடியே வேண்டாம்னு சொல்லியிருக்காரு. எழுதணும்னா இவர் பேரை எழுதுங்க."

மெஷினும் சாகுல் குடிக்கவில்லை என்று காட்டிவிட்டது. பாட்டிலிலும் மிச்சமென்று ஒன்றுமில்லை, எல்லாம் எங்கள் மேல்தான் இருந்தது. எஸ்.ஐ. அத்தானின் பேர், விலாசம் எழுதி வாங்கிக்கொண்டு, நன்றாக வைதுவிட்டு, வண்டியை விட்டுவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் அத்தான் கேட்டது என்ன தெரியுமா? விட்டுட்டான்ல, ஐந்தருவிக்குப் போய் ஒரு குளியல் போட்டுட்டு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். நான் சாகுலிடம் நேரே தென்காசி போகச் சொன்னேன்.

சாகுல் அன்று ராத்திரி முழுக்க சீட்டைக் கழுவியிருக்கிறார். பஞ்சுக்குள் இறங்கிய நாற்றம் போகவில்லை. உம்ராவுக்குப் போகிற பெரியவர்கள் வேறு வண்டியில் போனார்கள். பஸ்ஸில் வந்த இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்: சாகுல் கள் நாறுகிற வண்டியோடு போலீஸ் முன்னால் நின்று ஊதினான் என்று. ஒரு வாரத்தில் மதரஸாப் பிள்ளைகளை ஏற்றுகிற சவாரியும் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அச்சன்புதூர் போனேன். சாகுலின் வாப்பா ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறவர். உட்காரச் சொன்னார், சர்பத் கொடுத்தார். நடந்ததை முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க வச்சீங்களா டீச்சரம்மா?" என்றார். இல்லை என்றேன்.

"அப்போ நீங்க சொன்னா பாவம் பாத்து சொல்லுதீங்கன்னுதான் தெரு பேசும். வச்சவரு வந்து சொல்லட்டும்."

அன்று சாயங்காலமே பெங்களூருக்குப் போன் போட்டேன். ஒரு பாட்டிலுக்கா இவ்வளவு என்றார் அத்தான். சீட்டு கவருக்கு ஆகிற காசை ஜீபேயில் போட்டுவிடுவதாகச் சொன்னார். காசு யார் கேட்டது? நான் கத்தினேன். அக்கா போனை வாங்கி, வீட்டு மாப்பிள்ளையைப் போலீசிடம் காட்டிக்கொடுத்தவள் என்று என்னை வைதாள். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்த இடத்தில் இன்னொரு தடவை நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

நீங்கள் இந்தப் பயணம் தாராளமாகப் போகலாம். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல நேரம். சனி ஞாயிறு தவிர்த்தால் ரோடு காலியாக இருக்கும். காலையில் அருவி, பதினோரு மணிக்குக் கடை, மத்தியானம் அணை, இருட்டுவதற்குள் வீடு. பெண்கள் தயங்க வேண்டாம், மரியாதையான இடம்தான். குடிக்கிறவர் வண்டி ஓட்டக் கூடாது. டிரைவரோடு போங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். கள்ளை வயிற்றில் கொண்டுவாருங்கள், பையில் வேண்டாம். செக்போஸ்டில் நீங்கள் சுற்றுலாப் பயணி, அரை மணி நேரத்தில் மறந்துவிடுவீர்கள். டிரைவர் தன் ஊரில்தான் மறுநாளும் எழுந்திருக்க வேண்டும்.

அத்தான், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், என் பதிவில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். அதனால் உங்களுக்கும் வழி சொல்லிவிடுகிறேன். தென்காசியிலிருந்து அச்சன்புதூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ் உண்டு. இறங்கி, சாகுல் வீடு என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். இப்போது அந்த ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது.