ஒரு மணி அடித்தால் நிலாவுக்கு

மைதா பசை புளித்த வாசனை எங்கேயாவது வந்தால் போதும்... நான் ஆகாயத்தில் இருப்பேன்!

சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். நிலாவில் நாங்கள் ஒரு பார்க்கே நடத்தியிருக்கிறோம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கம், எங்கள் சர்ச் ஹாலில். அப்போது நான் ஆறாவது படித்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு சண்டே ஸ்கூல் பிள்ளைகளும் ஒரு ஸ்டால் போடவேண்டும். மற்றவர்கள் வளையம் வீசுவது, மீன் பிடிப்பது என்றார்கள். கடலை மடித்து வந்த ஒரு தாளில் ராக்கெட் படம் பார்த்திருந்தேன். "நாம ஆகாசத்துல பார்க் போடலாம்" என்றேன். என் உயிர்த்தோழி ஸ்டெல்லா குதித்தே விட்டாள்.

ஒரு வாரம் வேலை! கறுப்புப் போர்வை முழுக்க டீத்தூள் பாக்கெட்டின் வெள்ளித்தாளை வெட்டி மைதா பசையால் நட்சத்திரம் ஒட்டினோம். சைக்கிள் டயருக்கு மஞ்சள் காகிதம் சுற்றினால் சனி வளையம். மேடைப் படியில் தகரம் சாய்த்தால் வால்நட்சத்திரச் சறுக்கல்.

ஆனால் பெரிய ரைடு, நிலாவுக்குப் போகிற கேஜ், சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு மாதிரி.

அது இப்படித்தான். ஏறுகிறவருக்குக் கண்ணைக் கட்டி ஒரு பலகையில் நிற்க வைப்போம். முன்னால் நிற்கும் ஸ்டெல்லாவின் தலையில் அவர் கை வைத்துக்கொள்வார். நான்கு பெரிய அக்காக்கள் பலகையை நான்கு விரல் உயரம்தான் தூக்குவார்கள். ஸ்டெல்லா மெல்ல மெல்ல உட்கார்ந்துவிடுவாள். தலை கீழே போகப் போக, நாம்தான் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டோம் என்று தோன்றும்!

முதலில் ஏறப்போவது என் அப்பா. அதில் நான் பிடிவாதம். தினமும் கேஜில் பூமிக்குள் இறங்குகிற மனுஷர். ஒரே ஒரு தடவை அவர் மேலே போகவேண்டும்... அவ்வளவுதான் எனக்கு. ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டேன். அப்பாவும் எனக்காக லீவு எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார்.

மணி என் கையில். கேஜ் கிளம்பும்போது எப்படி மணி அடிப்பார்கள் என்று அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மூன்று அடித்தேன், ஆள் ஏறியாச்சு என்று அர்த்தம். அப்புறம் இரண்டு அடித்தேன்.

அக்காக்கள் பலகையைத் தொடவே இல்லை. அப்பாவின் முழங்கால் தானாக மடங்கியது. தலை குனிந்துகொண்டது.

"இன்னாம்மா... கீழ போவுதே!"

ஹாலே சிரித்தது. அப்பாவோடு வேலை செய்யும் அந்தோணி மாமா விடுவாரா? "இன்னாப்பா, லீவு போட்டும் ஷிஃப்டுக்குப் போயிட்டியா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. என்ன தப்பு என்றே புரியவில்லை. ஸ்டெல்லாதான் கத்தினாள்.

"அடியே, ரெண்டு அடிச்சா எறக்குறதுடி! உங்கப்பா இன்னா, சுரங்கம் வழியாவா நிலாவுக்குப் போவாரு? ஒண்ணு அடி!"

அப்பா வேலைக்கு இறங்குகிற கதையை மட்டும்தானே நான் கேட்டிருந்தேன்! கிளம்புவது என்றாலே எனக்கு அந்த இரண்டு மணிதான்.

மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு, ஒன்று அடித்தேன்.

பலகை எழும்பியது. ஸ்டெல்லா மெல்ல உட்கார்ந்தாள். அப்பாவின் வாய் மெல்லத் திறந்தது.

"எம்மாடி... சர்ச் மணிக்கூண்டு தாண்டிட்டமா?"

"எப்பவோ தாண்டியாச்சு அங்கிள்! நிலா வந்துடுச்சு, குதிங்க!" என்றாள் ஸ்டெல்லா.

"அய்யோ வேணாம்மா, காலு ஒடிஞ்சிடும்!"

நான்கு விரல் உயரம்! அந்தோணி மாமா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரே அடுத்து ஏறி, அப்பாவைவிட அதிகமாக அலறினார்.

அன்றைக்கு மைன்ஸ் ஆட்கள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சுரங்கத்து ஷாஃப்டில் செய்வது போலவே, மேலே போனவர் பெயரை எழுதி, இறங்கியதும் டிக் போட்டேன். அறுபத்து மூன்று பேர். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அப்பா பெயர் மட்டும் ஏழு இடத்தில்!

போன மாதம் என் மகள் எங்களை பெங்களூரில் ஒரு மாலுக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் ஆகாய பார்க். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டுகிறார்கள். நிலாவின் குழிகூடத் தெரிகிறது, சனியைச் சுற்றி ரயில் ஓடுகிறது. எங்கள் பார்க்கில் கண்ணைக் கட்டிவிட்டதால் யாருக்கும் ஒன்றுமே தெரியாது... ஆனாலும் எல்லோரும் போய் வந்தார்கள்.

கர்த்தர் கிருபையால் அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பக்கத்து சீட்டில் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்தார். சீட் அசைந்ததும் முழங்காலை மடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"மணி அடிக்கவே இல்லையேம்மா..."

என் விரல் மோதிரத்தால் சீட்டின் இரும்புக் கம்பியில் தட்டினேன். ஒரே ஒரு தட்டு.

அப்பா காலை நீட்டிக்கொண்டார்.

"ஆங்... இப்போ போவலாம்."