வாடகைக்குப் போகும் வடிகட்டி

என் மழைநீர் வடிகட்டி எத்தனை விற்றிருக்கிறது என்று கேட்க, இன்று தஞ்சாவூர் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

புது வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருப்பதாக போட்டோ காட்டினால்தான் அனுமதி என்று விதி வந்தது. அதை நம்பி, பார்த்த வேலையை விட்டுவிட்டு, பாபநாசம் ரைஸ் மில் உமிக்கரியில் நான் செய்தது அந்த வடிகட்டி.

கடைக்காரர் பாயிடம் கொடுத்த பத்தில் ஒன்பது பிரிக்காமலே கிடந்தன.

"ஒண்ணுதான் வித்துச்சா பாய்?"

"அதுவும் விக்கல தம்பி. வாடகைக்குப் போவுது. மாட்டி போட்டோ எடுத்துக்கிட்டு, சாயங்காலமே கழட்டிக் கொண்டாந்து குடுத்துடுறாங்க."

"அப்ப மழைத்தண்ணி?"

"அது எப்பவும்போல ரோட்டுலதான் ஓடுது."

உங்கள் வீட்டு அனுமதி போட்டோவில் நீல மூடி போட்ட என் வடிகட்டி இருந்தால், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஊரெல்லாம் சுற்றியும் அது இன்னும் ஒரு மழையைக்கூடப் பார்க்கவில்லை.