எதிரணிக் கீப்பர் பிரான்சிஸ்

பிரான்சிஸ் அண்ணனுக்குக் காலையிலேயே இதய அறுவை சிகிச்சை தொடங்கிவிடும் என்று அவர் மனைவி ரீட்டா அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தார். ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்து ஏறியதிலிருந்து அலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் அடுக்ககக் குழுவில் யாரோ தண்ணீர் லாரியைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அதிர்வுக்கும் திரையைப் பார்த்தேன். போரூர் தாண்டியதும் அழைப்பு வந்தது. ரீட்டா அக்கா அழவில்லை. "தம்பி, அவரு போயிட்டாருப்பா. உங்க அம்பத்தூர் பசங்களுக்கு நீயே சொல்லிடு" என்றார். என் முகத்தைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர் "யாரு சார், சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். எதிரணிக்காரர் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது.

உங்களுக்குப் புரியும். மேற்குப் புறநகர் ஹாக்கி லீக்கில் ஆடியவர்கள், ஆட்டம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆவடி அணியின் கோல்கீப்பர். நான் அம்பத்தூரின் பின்வரிசை ஆட்டக்காரன். இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் சில நிறுத்தங்கள்தான். ஆனால் ஆவடியோடு ஆட்டம் என்றால் எங்கள் பையன்களுக்கு முந்தின நாளே சோறு இறங்காது. மைதானத்தில் கால் வைத்ததும் கோலிலிருந்து அவர் ஆரம்பித்துவிடுவார். "இன்னா நைனா, ஸ்டிக்க ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" எங்கள் முன்வரிசை பஷீர் அந்தக் குரலைக் கேட்டே பல கோல்களைத் தவறவிட்டிருக்கிறான்.

ஓராண்டு அந்தப் பகை எல்லை மீறிவிட்டது. லீக் ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது தள்ளுமுள்ளு. யாரோ வீசிய ஸ்டிக் பஷீரின் நெற்றியைப் பிளந்தது. தையல் போட வேண்டியிருந்தது. அடுத்த வாரமே நகர லீக்கின் தேர்வு அணியோடு எங்கள் புறநகர்த் தேர்வு அணி மோத வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்று ஊர்களிலும் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்த அணி. ஆட்டம் ஆவடி மைதானத்தில். நாங்கள் போவதில்லை என்று முடிவு செய்தோம்.

மறுநாள் மாலை நாங்கள் பயிற்சியில் இருந்தபோது ஒரு பழைய ஸ்கூட்டர் மைதானத்துக்குள் வந்தது. பிரான்சிஸ் அண்ணன். துணைக்கு யாருமில்லை. எங்கள் ஆட்கள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஒருவன் வண்டிச் சாவியைப் பிடுங்கினான். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் வண்டியை விட்டு இறங்கி நேராக பஷீரிடம் போனார்.

"நெத்திய காட்டு."

பஷீர் காட்டவில்லை. "எதுக்கு வந்த?" என்றான்.

"உன்ன இட்டுகினு போவத்தான் வந்தேன். நீ இல்லாம அந்த சிட்டி டீம எப்டி ஜெயிக்கறது?"

"அங்க வந்தா மறுபடியும் ஒடைப்பீங்க."

"ஒடைக்க மாட்டாங்கன்னு நா எப்டி சொல்றது? எனக்கே பயமாத்தான் கீது. ஆனா நா அங்க நிப்பேன்."

வேறு எதையாவது சத்தியம் செய்திருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். சாவியைப் பிடுங்கியவன் திருப்பிக் கொடுத்தான். பஷீர் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்தன்று எங்களுக்கு முன்னால் போய் ரயில் நிலையத்தில் நின்றான்.

அன்று ஆட்டத்துக்கு முன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பிரான்சிஸ் அண்ணன், காலில் பேடு கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "உடம்பு சரியில்லையாண்ணே?" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டார். "எல்லா மேட்சுக்கும் இப்டித்தான். பந்து வர்ற வேகத்த பாத்தவன் பயப்படாம இருப்பானா? நீ போய் நில்லு, வந்துர்றேன்." எங்களை அத்தனை ஆண்டுகள் கிண்டல் செய்து கலங்கடித்தவர் அவர்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பஷீர் ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டான். ஆவடிக் கூட்டம் ஊளையிட்டது. இன்று நம் அணிக்காரன்தானே என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் பாக்கெட் வந்து விழுந்தது. அப்புறம் ஒரு கல். நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கல் நிற்காமல் ஆட மாட்டேன் என்று பிரான்சிஸ் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு கோல் கோட்டின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். நடுவர் எச்சரித்தார், அவர் எழவில்லை. மஞ்சள் அட்டை. ஐந்து நிமிடம் வெளியே இருக்க வேண்டும். மாற்றுக் கீப்பராக வர வேண்டிய பூந்தமல்லிக்காரர் காய்ச்சல் என்று வரவில்லை. கோல் காலியாகிவிட்டது.

வெளியேறியவர் ஒதுக்கிய இடத்தில் உட்காரவில்லை. பேடு கட்டிய காலோடு தத்தித் தத்திப் போய், கல் வந்த திசையில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டார். "இப்ப போடு பாக்கலாம்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

காலியான கோலில் நான் நின்றேன், வெறும் ஸ்டிக்கோடு. நகர அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. கோலுக்கு நேராக ஓங்கி அடிப்பார்கள். தடுக்க நாங்கள் சிலர்தான். பந்து உள்ளே வந்ததும் முதலில் பாய்ந்து ஓடியவன் பஷீர். அடியைத் தன் முழங்காலுக்குக் கீழே வாங்கி அப்படியே சுருண்டான். பந்து வெளியே போனது. பிறகு ஆவடிக் கூட்டம் பஷீர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

கதை நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆட்டத்தில் தோற்றோம். பிரான்சிஸ் அண்ணன் திரும்பி வந்தபின், கடைசியில், ஒன்றுமில்லாத ஒரு பந்து அவருடைய கால்களுக்கு இடையே உருண்டு போனது. "நீங்க காப்பாத்தி குடுத்தத நா தொலச்சுட்டேன்" என்று எங்களிடம் சொன்னார். அடுத்த சீசனில் அவர் கோலில், நாங்கள் எதிரில். "இன்னா பஷீரு, காலு ஆறிச்சா?" என்று ஆரம்பித்தார். பகை எங்கும் போகவில்லை. ஆனால் அதன்பிறகு கல் விழவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மருத்துவமனையில் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். தைரியமாக இருங்கள் என்று ஏதோ சொன்னேன். "தைரியம் கீதுன்னு ரீட்டாகிட்ட சொல்லி வெச்சுக்கறேன். உன்கிட்ட எதுக்கு பொய்? ரொம்ப பயமா கீதுடா" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். பார்வையாளர் நேரம் முடியும்வரை விடவில்லை.

பருத்திப்பட்டில் அவர் வீட்டிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது ஆவடிக்காரர்கள் ஒருபுறம், நாங்கள் ஒருபுறம். பஷீர் முன்னால் தோள் கொடுத்தான். அப்போதும் எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை.

அவரோடு ஒரே அணியில் நான் ஆடியது அந்த ஒரு முறைதான். பின்வரிசைக்காரனுக்குத் தன் கீப்பரின் முகம் தெரியாது. முதுகுக்குப் பின்னால் குரல்தான் கேட்கும். அன்று முழுக்க அது கேட்டுக்கொண்டே இருந்தது: "எடதுல ஆள் வர்றான், பதறாத. உன் பின்னாடி நா கீறேன்." சற்றுமுன் வாந்தி எடுத்தவரின் குரல் அது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அதை நம்பினேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் குரல்தான். அதை வைத்துக்கொள்கிறேன்.