வெடித்த பிறகு தெரிந்த வில்லை

நல்ல சாமானை நல்ல சாமான் என்று தெரிந்துகொள்வதற்காகவே நாசம் செய்கிற தொழில் ஒன்று உண்டு. ரோகிணி போய்ச் சேர்ந்தது அதில்தான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரமாக, ஒரு தனியார் ஆய்வுக்கூடம். பீங்கான் பொடியை அழுத்தி, உலையில் சுட்டு, பொட்டு அளவில் வில்லை செய்வார்கள். இரண்டு பக்கமும் வெள்ளி பூசினால் அது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு மடங்கு வோல்ட் தாங்கினால் நான்கு மடங்கு சேரும். எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரே வழி, எண்ணெயில் முக்கி, வெடிக்கும்வரை வோல்டை ஏற்றுவது.

1998-இல் ஒரு ஈடு வில்லைகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வழக்கமாக 'டப்' என்று போகிற இடத்தைத் தாண்டி மீட்டர் முள் ஏறிக்கொண்டே போனது. சோதனை அறையில் இருந்த கோவளத்துக்காரர் தேவசகாயம் மிரண்டுபோனார்.

"இன்னா மேடம் இது, சாவ மாட்டேங்குது! டபுளுக்குப் போய்க்கினு கீது!"

ரோகிணிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. தன் பெயரில் ஒரு கட்டுரை, அதை வைத்து ஒரு டாக்டர் பட்டம். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

இயக்குநர் கோதண்டராமன் வந்து பார்த்தார். "மிச்சத்தையும் போட்டுப் பாத்துடுங்கம்மா. மாநாட்டுல சராசரி கேப்பாங்க."

"ரெண்டு வில்லையாவது எடுத்து வெச்சுக்கலாமே சார்?"

"எதுக்கு, பூஜையில வைக்கவா? வேணும்னா மறுபடி சுட்டுக்கலாம்."

அத்தனையும் வெடித்தன. சில்லுகள் எண்ணெய்க் குப்பையோடு அன்றைக்கே போயின. மாநாட்டில் கோதண்டராமன் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுபடி சுட்டபோது அது வரவில்லை. அதே உலை, அதே சூடு, பொடி மூட்டையின்மேல் அதே பெயர். பழைய மூட்டையில் ஏதோ கலப்படம் இருந்து, அதுதான் அந்த வேலையைக் காட்டியிருக்க வேண்டும் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மூட்டை எப்போதோ தீர்ந்திருந்தது. வருஷக்கணக்காகச் சுட்டுச் சுட்டு அலுத்தாள்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர், தங்களுக்கு அப்படி வரவில்லையே என்று கேட்டு எழுத, 2004-இல் விசாரணை வைத்தார்கள். கோதண்டராமன் எழுந்து சொன்னார்: "நம்பர் எல்லாம் ரோகிணி குடுத்தது. அவ்ளோ நல்லா வந்திருந்தா, ஒண்ணையாவது எடுத்து வெச்சிருக்க மாட்டாங்களா?"

"நீங்கதானே சார் எல்லாத்தையும்..."

"நானா? யாரு கேட்டாங்க?"

அன்றைக்கு அதைக் காதால் கேட்ட ஒரே ஆள் தேவசகாயம். அவர் வளைகுடாவுக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மீட்டரில் கோளாறு இருந்திருக்கலாம் என்று குழு மரியாதையாக எழுதியது. கேன்டீனில் மரியாதை இல்லாமலே பேசினார்கள். பட்டம் போயிற்று. அவளைத் தூக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவளுக்குக் கணவர் ரவிச்சந்திரன் காபி போட்டுக் கொடுத்தார். வங்கியில் வேலை, அதிர்ந்து பேசாத மனிதர். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ரோகிணி. நிஜமாவே தாங்குச்சா?"

கோதண்டராமன்மேல்கூட அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்ததில்லை. தாங்கியது என்று சொன்னால் நம்புகிறமாதிரி தலையை ஆட்டுவார். அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"இல்ல" என்றாள்.

ரவிச்சந்திரன் முகம் தெளிந்தது. "விடு. என்கிட்டயாவது சொன்னியே, அது போதும்" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.