றிஸ்வான் தொடாத தேத்தண்ணி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வாஷிங் மெசின் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

விளக்குகள் எல்லாம் எரிகின்றன. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையமாட்டேன் என்கிறது. பத்து முறை அழுத்தினேன். பிளக்கைக் கழற்றி, ஊதி, மறுபடி குத்தினேன். பக்கவாட்டில் இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தேன்... ம்ஹூம்!

வேறு வீடென்றால் நாலு நாள் பொறுக்கலாம். எங்கள் வீட்டில் முடியாது. என் மாமி, அதாவது மனைவியின் தாயார், ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். தினமும் இரண்டு மூன்று விரிப்புகளாவது தோய்க்க வேண்டும். மனைவிக்கோ நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த முடியாது. குனிந்து தோய்த்தால் அடுத்த நாள் அவளும் மாமிக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் வீட்டில் மாமிக்கு அடுத்தபடியாக நாங்கள் நலம் விசாரிப்பது அந்த மெசினைத்தான்.

றிஸ்வானுக்குப் போன் எடுத்தேன். கிண்ணியாவில் சின்னதாக ஒரு திருத்தும் கடை வைத்திருப்பவர். ஃப்ரிட்ஜ், மெசின், மின்விசிறி எல்லாம் பார்ப்பார். கை சுத்தம், வாயும் சுத்தம்.

"வாறன் சேர். விசிட்டிங் சார்ஜ் ஆயிரத்தி ஐந்நூறு. திருத்தினாலும் அதான், திருத்தாட்டியும் அதான்" என்றார்.

"ஓம் ஓம், வாங்கோ" என்றேன்.

அவசரத்தில் இருப்பவன் எதற்குத்தான் ஓம் சொல்லமாட்டான்?

ஒரு மணித்தியாலத்தில் எங்கள் வீடிருக்கும் உவர்மலை ஏற்றத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. றிஸ்வான் வந்தார். பையை இறக்கினார். மெசினைப் பார்த்தார். இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்தார். ஒன்று... இரண்டு... மூன்று. 'டிங்' என்றது மெசின். தண்ணீர் ஓடத் தொடங்கியது.

"சைல்ட் லொக் விழுந்திருக்கு சேர். பிள்ளையள் நோண்டாம இரிக்கிறதுக்கு வெச்சிருக்கிற பூட்டு. ஆராச்சும் துணியால தொடச்சீங்களா?"

முதல்நாள் மாலை ஈரத்துணியால் அதைப் பளபளவென்று துடைத்தவன் நான்தான். துடைத்துவிட்டு, வீட்டு வேலையில் எனக்கும் பங்குண்டு என்று மனைவியிடம் பெருமையும் அடித்திருந்தேன். அறுபது வயதில் சைல்ட் லொக்கில் மாட்டிக்கொண்டதை வெளியில் சொல்ல முடியுமா?

"ஆயிரத்தி ஐந்நூறு சேர்."

அப்போதுதான் எனக்குள் இருந்த அப்புக்காத்து எழும்பினார். சட்டம் படிக்காத வக்கீல். ஆனாலும் காசு கொடுக்கும் நேரம் வந்தால் தவறாமல் எழும்பிவிடுவார்.

"தம்பி, நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே? பொத்தானைத்தானே அமத்தினீங்கள்?"

"நான் வந்தன்தானே சேர்."

"வந்தது சரி. ஒரு ஸ்குரூகூடக் கழட்டேல்லையே! மூண்டு செக்கனுக்கு ஆயிரத்து ஐந்நூறோ?"

"மூணு செக்கனுக்கு இல்ல சேர். கிண்ணியாவில இருந்து இஞ்ச வந்து போறதுக்கு. கட்டைபறிச்சான் ஊர்ல ஒரு ஃப்ரிட்ஜ் திருத்தக் கெடந்திச்சி. மாமி ஏலாம கெடக்காங்க எண்டு சொன்னீங்க. அத விட்டுட்டுத்தான் வந்தன்."

நியாயமான பேச்சு. எனக்கும் விளங்கியது. விளங்கினால் மட்டும் கை சட்டைப் பைக்குள் போய்விடுமா? "ஐந்நூறு தாறன்" என்றேன்.

இந்த நேரம் பார்த்து மனைவி தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக வந்தாள். "முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி, பிறகு கதைக்கலாம்."

றிஸ்வான் கோப்பையைப் பார்த்தார். தொடவில்லை.

"நோன்போ?" என்றேன்.

"இல்ல சேர்."

"சீனி வருத்தமோ?"

"அல்ஹம்துலில்லாஹ், அதுவும் இல்ல." பையைத் தோளில் மாட்டினார். "ஐந்நூற நீங்களே வெச்சிக்கங்க சேர். நான் வாறன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மோட்டார் சைக்கிள் இறக்கத்தில் இறங்கிப் போனது. மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"பாத்தியே, ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்!" என்றேன் மனைவியிடம்.

"ஓம். அடுத்தமுறை உது நிண்டா அந்தாள் வராது. அண்டைக்கு விரிப்பெல்லாம் நீங்கள்தான் தோய்க்கப் போறீங்கள்" என்றாள்.

அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஏனென்றால் சனிக்கிழமை வெருகலில் எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. அங்குள்ள ஒரு வாசகர் வட்டத்தில் சிறப்புரை. தலைப்பு என்ன தெரியுமா? 'உழைப்பின் மதிப்பு'. சில மாதங்களுக்கு முன் இந்தப் பத்தியில் உழைப்பாளிகளைப் பற்றி உருகி உருகி எழுதினேனே, உங்களில் சிலர்கூட வாழ்த்திக் கடிதம் போட்டீர்களே... அதைப் படித்துவிட்டுத்தான் அழைத்திருந்தார்கள். போக்குவரத்துச் செலவு தருவோம் என்று செயலாளர் போனில் சொல்லியிருந்தார்.

காலையில் பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, வெயிலும் புழுதியுமாக மூன்று மணித்தியாலம். இறங்கிப் பார்த்தால் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது!

ஊரில் சாவீடு. விடிய நடந்ததாம். செயலாளர், நாற்பது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், சாவீட்டிலிருந்து ஓடிவந்தார். "சேர், குறை நினையாதேங்கோ. போன் எடுத்தனாங்கள், உங்கட போன் வேலை செய்யேல்லை. முதல்ல வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அவர் வீட்டுக்குப் போனோம். நல்ல தேத்தண்ணி, சூடான வடை. இரண்டாவது வடையையும் அன்பாக வைத்தார்கள். சாப்பிட்டேன். போக்குவரத்துச் செலவு பற்றி எப்படித் தொடங்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே தொடங்கினார்.

"சேர் இண்டைக்கு ஒண்டும் பேசேல்லைத்தானே? அதால அடுத்தமுறை வரேக்க எல்லாத்தையும் சேத்துச் செய்வம். பொன்னாடையும் அலுமாரியில அப்பிடியே இருக்கு. பழுதாகாது."

நான் வந்தேன்தானே ஐயா! இந்த வசனம் தொண்டைவரை வந்தது. தொண்டையில் வடை இருந்தது. அவர் வீட்டுத் தேத்தண்ணி இருந்தது. சாவீட்டிலிருந்து ஓடிவந்து உபசரித்த மனிதரிடம், வாயைத் துடைத்துக்கொண்டே பஸ் காசு கேட்க முடியுமா?

"அதுக்கென்ன, பரவாயில்லை" என்றேன்.

றிஸ்வான் ஏன் அந்தக் கோப்பையைத் தொடவில்லை என்பது அந்த நிமிடத்தில் விளங்கியது. எங்கள் ஊரில் ஒரு மனிதனின் கூலியை அழிக்கத் தேத்தண்ணியைப் போல வேறொன்று இல்லை. குடித்துவிட்டால் அவன் விருந்தாளி. விருந்தாளி பில் நீட்டலாமா? திரும்பி வரும்போது பஸ் மறுபடி கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி பைப்படியில் குந்தியிருந்து விரிப்புத் தோய்க்கிறாள். ஒரு கை நாரியில்.

"மெசின் திரும்பவும் நிண்டிட்டு. றிஸ்வானுக்கு மூண்டு தரம் எடுத்தன். அந்தாள் தூக்கேல்லை."

வெருகலில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, விரிப்பைப் பிழிந்தபடியே சொன்னாள்: "நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

மீதி விரிப்பை நான் தோய்த்தேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கிண்ணியா. றிஸ்வான் கடையில் ஒரு மின்விசிறியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். நேற்று மூதூரில் சிக்னல் இல்லாத இடத்தில் நின்றாராம். சொன்னது உண்மையோ நாகரிகமோ தெரியாது. நான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்தேன்.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை தம்பி."

அவர் காசை எடுத்து, மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டார். பிறகு பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து எனக்குத் தேத்தண்ணி சொன்னார். குடித்தேன். குடித்தபடியே, மெசின் திரும்பவும் நின்றுவிட்டது, இன்றைக்கே வர முடியுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"லைட் எரியிதா சேர்?"

"இல்லை. ஒண்டுமே எரியேல்லையாம்."

"பிளக்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மனைவிக்குப் போன் எடுத்தேன். பார்க்கப் போனாள். பிறகு, "ஐயோ இஞ்சருங்கோ... அம்மாவின்ர ஃபானைக் குத்திறதுக்கு நான்தான் கழட்டினனான்!" பின்னாலேயே மெசினின் 'டிங்' கேட்டது. றிஸ்வானுக்கும் கேட்டது. மனிதர் சிரிக்கவில்லை. மின்விசிறிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இந்தமுறை அப்புக்காத்து எழும்பவில்லை. நானே சட்டைப் பைக்குள் கையை விட்டேன். "இதுக்கு எவ்வளவு?"

"இதுக்கு ஒண்டும் இல்ல சேர். நான் வரேல்லைத்தானே? இந்தமுற வந்தது நீங்கதானே!"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வந்தது நான் என்றால், விசிட்டிங் சார்ஜ் எனக்கல்லவா சேர வேண்டும்? இறங்கிப் போய்க் கேட்டிருப்பேன்...

தேத்தண்ணியைக் குடித்துத் தொலைத்துவிட்டேனே!